நேற்று என்ன வாங்கினாய்?

பொருளைக் கண்டு விலை சொல்பவன் வணிகன். பொருளைக் காணாமலே, "சென்ற முறை இதனை என்ன விலைக்கு விற்றாய்?" என்று கேட்பவனுக்கு என்ன பெயர் சூட்டலாம், தோழர்களே?

காவிரிக் கரையிலே ஓர் உழவன். களத்திலே நெல் குவிந்திருக்கிறது. சென்ற ஆண்டு, கடன்காரன் வாசலிலே வந்து நின்றதால், அடிமாட்டு விலைக்கு அள்ளிக் கொடுத்தான் அவன். இந்த ஆண்டு வந்த வணிகன் நெல்லைக் கையில் எடுத்தும் பார்க்கவில்லை. "சென்ற ஆண்டு மூட்டை என்ன விலைக்குப் போயிற்று? அதன்மேல் சிறிது கூட்டித் தருகிறேன்" என்கிறான். உழவன் என்ன சொல்வான்? "ஐயா! நெல்லைப் பார்த்து விலை பேசும். என் பழைய வறுமையைப் பார்த்துப் பேசாதீர்!" என்பானல்லவா?

நெல்லுக்கு உண்டு இந்த நியாயம். அந்த நெல்லை உண்டு வளர்ந்து, பட்டம் பெற்று, வேலை தேடிப் புறப்படும் இளைஞனுக்கு உண்டா?

இல்லை என்கிறது இன்றைய அலுவலக நடைமுறை. விண்ணப்பத்தாளிலே பெயர், படிப்பு, பட்டறிவு ஆகியவற்றுக்குப் பின் இரண்டு கட்டங்கள். ஒன்று, 'தற்போதைய சம்பளம்'. மற்றொன்று, 'எதிர்பார்க்கும் சம்பளம்'. முதற் கட்டத்தை நிரப்பிய உடனேயே இரண்டாவது கட்டம் வெறும் அலங்காரமாகிவிடுகிறது. வாயால் சொன்னால் போதாது. மூன்று மாதச் சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு விவரம், வருமான வரிக்கான 16ஆம் எண் படிவம் — அத்தனையும் சான்றாகக் காட்ட வேண்டும். பிறகு நடப்பது ஒரே கணக்கு: பழைய சம்பளத்தின்மேல் இருபதோ, முப்பதோ விழுக்காடு. அதுதான் புதிய சம்பளம்! செய்யப்போகும் வேலை எத்தகையது, அதன் மதிப்பென்ன என்பது அந்தக் கணக்கிலே எந்த வரியிலும் இல்லை.

நான் பட்டதைச் சொல்கிறேன். 2014ஆம் ஆண்டு, ஈரோட்டிலே நூல் வணிகர் ஒருவரின் கடையில் கணக்கெழுதி வந்தேன். மாதம் 11,000 ரூபாய். சென்னையிலே ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவுக்கு ஆள் தேவை என்றறிந்து சென்றேன். எழுத்துத் தேர்வு வைத்தனர், தேறினேன். விற்பனை வரியிலே வினாக்கள் தொடுத்தனர், விடை பகர்ந்தேன். "நன்று" என்றனர். பிறகு அதிகாரி கேட்டார்:

"இப்போது எவ்வளவு வாங்குகிறீர்?"

"11,000 ரூபாய்."

"30 விழுக்காடு உயர்த்தி 14,300 தருகிறோம். மகிழ்ச்சிதானே?"

"இந்த இடத்திலே எனக்கு முன்பு இருந்தவருக்கு என்ன கொடுத்தீர்கள், ஐயா?"

அவர் முகத்திலிருந்த புன்னகை மறைந்தது. "அது நிறுவனத்தின் இரகசியம்" என்றார்.

என் சம்பளம் ஏலச் சரக்கு. அவர்கள் சம்பளப் பட்டியலோ இரும்புப் பெட்டிச் சரக்கு! என் சட்டைப்பையைத் துழாவ அவர்களுக்கு உரிமை உண்டு. அவர்கள் மேசை இழுப்பறையைப் பற்றி நான் வினவுவதோ வரம்பு மீறல்! இதற்குப் பெயர்தான் பேச்சுவார்த்தை என்கின்றனர்.

வீட்டிலே தந்தையின் மருத்துவக் கடன் காத்திருந்தது. ஒப்பினேன். சேர்ந்த பிறகுதான் தெரிந்தது, அதே நாளில் சேர்ந்து அடுத்த மேசையில் அமர்ந்த நண்பருக்கு 23,400 ரூபாய் என்பது. அவரே ஒளிவுமறைவின்றிச் சொன்னார். ஒரே பட்டம், ஒரே பேரேடு, ஒரே மேலாளர். வேறுபாடு ஒன்றுதான். அவர் சென்னையிலே வளர்ந்தவர். உறவினர் ஒருவர் சொன்ன சொல்லால், முதல் வேலையே 18,000 ரூபாயில் கிடைத்தது அவருக்கு. அதன்மேல் அதே 30 விழுக்காடு.

ஆண்டுதோறும் எங்கள் இருவருக்கும் பத்து விழுக்காடு உயர்வு தந்தனர். சமநீதியாம்! தொடக்கத்திலே 9,100 ரூபாயாக இருந்த இடைவெளி, மூன்றே ஆண்டுகளில் 12,000 ரூபாயைத் தாண்டிற்று. ஒரே விழுக்காட்டால் பெருக்கினால் ஏற்றத்தாழ்வும் சேர்ந்து பெருகும் என்பது பள்ளிப் பிள்ளைக்கும் தெரிந்த கணக்கு. கணக்குப் பிரிவிலே அமர்ந்துகொண்டு அதனை நாள்தோறும் கண்டேன் நான்.

எதையும் ஏன் என்று கேட்பவர்கள் நீங்கள். இதையும் கேளுங்கள். ஈரோட்டிலே எனக்கு 11,000 என்று முடிவு செய்தது எது? என் அறிவா? அன்று. அந்தக் கடையின் வரவு, அந்த ஊரின் வழக்கம், என் வீட்டின் அவசரம் — இவை மூன்றும் கூடி முடிவு செய்தன. ஈரோட்டில் கூட்டினாலும் சென்னையில் கூட்டினாலும் இரண்டும் இரண்டும் நான்குதானே! பின் எதற்காக அந்த ஊர்க் கூலி, நிழல்போல் என்னைத் தொடர்ந்து வரவேண்டும்?

"எந்தக் குலத்திலே பிறந்தாய்?" என்று கேட்டுவிட்டு மனிதனுக்கு இடம் ஒதுக்கிய காலத்தை நாம் அறிவோம். அந்தக் கேள்வியை இன்று வாய்விட்டுக் கேட்க நாணுகின்றனர். ஆனால், முதல் வேலையிலே குறைந்த கூலிக்கு ஒப்புபவன் யார்? சிற்றூரிலிருந்து வந்தவன், குடும்பத்திலே முதன்முதலாகப் பட்டம் பெற்றவன், பரிந்துரைக்க ஆளில்லாதவன். அவனிடம் "நேற்று என்ன வாங்கினாய்?" என்று கேட்பது, பழைய கேள்விக்குப் புதுச் சட்டை தைத்துப் போடுவதாகும்.

பெண்களுக்கோ இது இரட்டைச் சுமை. என் தங்கை பொறியியல் பட்டதாரி. குழந்தை பிறந்தபின் நான்காண்டுகள் வேலையை விட்டிருந்தாள். பிறகு உள்ளூர்த் தனியார் பள்ளியிலே 8,000 ரூபாய்க்குப் பாடம் சொல்லிக்கொடுத்தாள். மீண்டும் பொறியாளர் பணிக்கு விண்ணப்பித்தபோது, அவள் பட்டத்தைவிடப் பள்ளியின் சம்பளச் சீட்டையே கூர்ந்து பார்த்தனர். தொட்டிலை ஆட்டிய ஆண்டுகளுக்காக அவள் தண்டம் கட்டினாள்!

இந்தத் தண்டத்தைக் கட்ட மறுத்து வழக்காடினார் அமெரிக்கப் பெண்மணி ஒருவர். கணித ஆசிரியையாக இருந்த எய்லீன் ரைசோ, 2009இல் கலிபோர்னியாவின் பிரெஸ்னோ மாவட்டக் கல்வி அலுவலகத்திலே பணியேற்றார். பழைய சம்பளத்தோடு ஐந்து விழுக்காடு சேர்த்துக் கொடுப்பது அவ்வலுவலகத்தின் விதி. 2012இல் உண்ணும் வேளையிலே உடன் பணிபுரிவோரிடம் உரையாடியபோதுதான் தெரிந்தது, தமக்குப் பின் சேர்ந்த ஆண் ஒருவர் தம்மைவிடக் கூடுதலாகப் பெறுகிறார் என்பது. வழக்கு தொடுத்தார். பழைய சம்பளத்தைக் காட்டி ஆண் பெண் ஊதிய வேறுபாட்டை நியாயப்படுத்த இயலாது என்று 2018இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பை எழுதிய நீதிபதி, அது வெளிவருமுன்பே மறைந்துவிட்டார். மறைந்தவரின் வாக்கு செல்லாதென்று 2019இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பை நீக்கிற்று. மறைந்துபோன மனிதரின் வாக்கு செல்லாது. மறைந்துபோன சம்பளம் மட்டும் செல்லுமோ? செல்லாது என்று 2020இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் மீண்டும் உறுதியாக உரைத்தது.

இதற்கிடையே அந்நாட்டின் மாநிலங்கள் சிலவும் விழித்துக்கொண்டன. இக்கேள்வியையே தடைசெய்யும் சட்டத்தை மாசசூசெட்ஸ் மாநிலம் 2016இல் இயற்றியது. 2018 ஜூலையில் அது நடைமுறைக்கு வந்தது. நியூயார்க் நகரம் 2017 அக்டோபரிலும், கலிபோர்னியா 2018 ஜனவரியிலும் தடையை நடைமுறைப்படுத்தின. ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் இதே தடையை ஆணையாக்கி, உறுப்பு நாடுகள் 2026 ஜூன் 7ஆம் நாளுக்குள் சட்டமாக்க வேண்டுமெனக் கெடு விதித்தது.

நம் நாட்டிலே? ஆணுக்கும் பெண்ணுக்கும் சம வேலைக்குச் சம ஊதியம் என்கிறது அரசமைப்பின் 39ஆம் பிரிவு. 1976இல் சம ஊதியச் சட்டம் வந்தது. 2019இல் இயற்றப்பட்ட ஊதியச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்து, அதன் இடத்தை ஏற்றது. சம ஊதியம் என்ற முடிவைப் பேசுகிறது சட்டம். அந்த முடிவைக் குலைக்கும் கேள்வியைத் தடுக்கவில்லை.

"பழைய சம்பளம் திறமையின் அளவுகோல்" என்பர் சிலர். அளவுகோல் அதுவென்றால், எழுத்துத் தேர்வு எதற்கு? நேர்முகம் எதற்கு? "கேட்காவிட்டால் ஆளாளுக்கு வானளாவக் கேட்பார்களே!" என்பர் வேறு சிலர். அதற்கு எளிய மருந்து உண்டு: இந்த வேலைக்கு இவ்வளவு என்று விளம்பரத்திலேயே அச்சிடுங்கள். தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் ஒவ்வோர் அறிவிப்பிலும் ஊதிய விகிதத்தை வெளியிட்டுத்தானே ஆளெடுக்கிறது? அரசு வெளிச்சத்திலே சொல்வதைத் தனியார் இருட்டிலே மறைப்பானேன்?

தொழிலாளர் நலம் பொதுப் பட்டியலில் இருப்பது. நாள் முழுதும் நின்று களைத்த கடை ஊழியர்க்கு இருக்கை தர வேண்டுமென 2021இல் சட்டம் செய்தது நம் சட்டமன்றம். நிற்பவன் அமர வழி செய்த மன்றம், அமர வருபவனிடம் பழைய கூலியைக் கேளாதிருக்கவும் வழி செய்யலாம். செய்யுமாறு நாம் கேட்க வேண்டும். சங்கங்கள் தீர்மானமாக்கட்டும். அதுவரை, உடன் உழைப்போரிடம் உங்கள் சம்பளத்தை மறைக்காதீர்கள். என் நண்பர் வாய் திறந்ததால்தான் நான் விழித்தேன். உண்ணும் வேளையில் எழுந்த பேச்சுதான் பிரெஸ்னோவில் வழக்காயிற்று.

"நேற்று என்ன வாங்கினாய்?" என்று கேட்போரிடம் நிமிர்ந்து நின்று சொல்லுங்கள்: "நேற்று நான் பட்டது என் வறுமையின் விலை. இன்று நீர் தரவேண்டியது என் வேலையின் விலை!"