யாருக்கும் தெரியாத ஒரு விளையாட்டும், நான் அழைக்கத் தயங்கிய ஒரு போன் நம்பரும்!

'லக்ராஸ்' என்று சொன்னால் எங்கள் ஆபீஸில் பாதிப் பேர் ஏதோ மாத்திரையின் பெயர் என்று நினைப்பார்கள். ஸ்போர்ட்ஸ் பார்க்கும் சீனியர் அண்ணனிடம் ஒருமுறை, "இதைப் பத்தி ஒரு ஸ்டோரி பண்ணட்டுமாண்ணா?" என்று கேட்டேன். "வியூஸ் வராதும்மா, விடு" என்றார். அவர் சொன்னது சரிதான். ஆனாலும் இன்று எழுதுகிறேன். இதை எழுதாமல் 2023 ஜூன் மாதத்தின் அந்த இரண்டு நாள்களை என்னால் யாரிடமும் சொல்ல முடியாது.

அந்த விளையாட்டு எனக்கு அறிமுகமானதே ஒரு துக்கச் செய்தியில்தான். 2022 டிசம்பர் கடைசி வாரம். எனக்கு நைட் ஷிஃப்ட். அமெரிக்காவின் பஃபலோ நகரத்தைப் பனிப்புயல் புரட்டிப் போட்டிருந்தது. காருக்குள் சிக்கியவர்கள் காருக்குள்ளேயே, வீட்டுக்குள் மாட்டியவர்கள் வீட்டுக்குள்ளேயே இறந்துபோனார்கள். அந்தப் பகுதியில் மட்டும் நாற்பதுக்கும் மேற்பட்ட உயிர்கள். அப்டேட் வரும்போதெல்லாம் பார்ப்பதற்காக, 'பஃபலோ' என்ற பெயருக்கு போனில் அலெர்ட் வைத்தேன். புயல் ஓய்ந்த பிறகு அதை எடுக்க மறந்துவிட்டேன். அதன்பின் வார இறுதிகளில் விநோதமாக ஒரு செய்தி வர ஆரம்பித்தது. 'பஃபலோ பேண்டிட்ஸ் வெற்றி.'

யாருடா இந்தக் கொள்ளைக்காரர்கள் என்று யூடியூபில் தேடினேன். ஐஸ் ஹாக்கி ஆடும் அரங்கத்தில் பனிக்குப் பதில் பச்சை விரிப்பு. ஒரு பக்கத்துக்கு ஐந்து பேர், கூடவே ஒரு கோல் கீப்பர். கையில் வலை கட்டிய குச்சி. அந்த வலையில் ரப்பர் பந்தை ஏந்தி ஓடுகிறார்கள், எறிகிறார்கள், இடித்துத் தள்ளுகிறார்கள். பந்து கிடைத்த 30 விநாடிக்குள் கோலை நோக்கி அடித்தாக வேண்டும். நம் கபடி ரெய்டுக்கும் அதே 30 விநாடிதானே? அங்கேயே எனக்குப் பிடித்துவிட்டது. கோல் வலையோ நாலே முக்கால் அடி அகலம், நாலு அடி உயரம். அதன் முன்னால் திருஷ்டி பொம்மை மாதிரி உடம்பு முழுக்கப் பஞ்சுக் கவசம் கட்டிக்கொண்டு கோல் கீப்பர் நிற்பார். ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே ஸ்பீக்கரில் பாட்டு ஓடும். கோயில் திருவிழா கணக்காக இருந்தது.

தொழில்முறை லீக் என்றாலும் இதில் கோடிகள் புரளாது. நிறைய வீரர்களுக்கு வார நாள்களில் வேறு வேலை உண்டு. வெள்ளி, சனியில் விமானம் பிடித்து வந்து ஆடிவிட்டு, திங்கள்கிழமை வேலைக்குப் போவார்கள். பேண்டிட்ஸின் பயிற்சியாளர் ஜான் டவாரெஸ் ஒரு கணக்கு வாத்தியார். பள்ளிக்கூடத்தில் பாடம் எடுத்துக்கொண்டே 1992 முதல் 2015 வரை 24 சீசன்கள் இதே அணிக்கு ஆடியவர். 815 கோல் போட்டவர். பேண்டிட்ஸ் அதுவரை வென்றிருந்த நான்கு கோப்பைகளிலும் வீரராக இருந்தவர் அவர்.

ஆனால் அந்த நான்காவது கோப்பை கிடைத்தது 2008-ல். அதன் பிறகு 2016-ல் ஃபைனலில் தோல்வி. 2019-ல் ஃபைனலில் தோல்வி. 2022-ல் தோற்றதுதான் ரொம்ப வலிக்கும். அந்த வருடம் மே 14 அன்று பஃபலோவில் ஒரு சூப்பர் மார்க்கெட்டுக்குள் புகுந்த ஒருவன், கறுப்பின மக்களைக் குறிவைத்துச் சுட்டு 10 பேரைக் கொன்றான். சரியாக ஐந்து வாரம் கழித்து, ஜூன் 18 அன்று, சொந்த ஊரில் கடைசி ஆட்டம். கொலராடோ மாமத் அணியிடம் 10-8 என்று தோற்றார்கள். அந்த ஊரின் ஃபுட்பால் அணி பில்ஸ், தொடர்ந்து நான்கு சூப்பர் பவுலில் தோற்ற அணி. ஹாக்கி அணியான சேபர்ஸ் இதுவரை ஸ்டான்லி கோப்பையைத் தொட்டதே இல்லை. அந்த ஊர் மக்களுக்குத் தோல்வி என்பது பக்கத்து வீட்டுக்காரர் மாதிரி.

2023 சீசனில் பேண்டிட்ஸ் 18 ஆட்டங்களில் 14-ல் ஜெயித்தது. கோல் போடுவதும் பந்தைக் கொடுப்பதும் ஒரே வேகத்தில் செய்யும் டேன் ஸ்மித். லக்ராஸின் தாய்மண்ணில் பிறந்து வளர்ந்த டெஹோகா நாண்டிகோக். நாற்பதைத் தொட்ட பிறகும் கோல் முன்னால் சுவராக நிற்கும் மேட் வின்க். இவர்கள் மூவரும் எனக்கு வீட்டு ஆள்கள் மாதிரி ஆகிப்போனார்கள். ஃபைனலில் எதிரே வந்தது அதே கொலராடோ. முதல் ஆட்டம் பஃபலோவுக்கு, இரண்டாவது கொலராடோவுக்கு. மூன்றாவது ஆட்டம் ஜூன் 3, சனிக்கிழமை இரவு, பஃபலோவில். நமக்கு அது ஜூன் 4, ஞாயிறு விடியற்காலை. அலாரம் வைத்து எழுந்து ஸ்கோர் பார்ப்பது என்று ஒரு வாரத்துக்கு முன்பே முடிவு செய்துவிட்டேன்.

அலாரமே தேவைப்படவில்லை. ஜூன் 2 வெள்ளிக்கிழமை மாலை, ஒடிசாவின் பாலசோர் அருகே கோரமண்டல் எக்ஸ்பிரஸ் விபத்துக்குள்ளானது. சென்னைக்கு வந்துகொண்டிருந்த ரயில். அன்று இரவு ஆபீஸுக்குள் போனவள், நடுவில் சில மணி நேரம் நாற்காலியிலேயே தூங்கியதைத் தவிர ஞாயிறு காலை வரை அங்கேயேதான் இருந்தேன். உதவி எண்கள், முன்பதிவுப் பட்டியல், அமைச்சர்கள் பேட்டி. நேரம் போகப் போக இறந்தவர்களின் எண்ணிக்கையை ஏற்றி ஏற்றித் தலைப்பை மாற்றிக்கொண்டே இருந்தேன். 50, 120, 238, 288... ஒரு கட்டத்துக்கு மேல் விரல் எண்ணை அடிக்கும், மனசு எதையும் வாங்காது.

சனிக்கிழமை மதியம் ஆபீஸ் போன் அடித்தது. நடுத்தர வயது அம்மா ஒருவர். "நீங்க போட்ட லிஸ்ட்டைப் பார்த்தேம்மா. என் தம்பி பேரு இல்ல. அப்போ அவன் அந்த வண்டியில வரலையா, இல்ல..." அதற்கு மேல் அவரால் பேச முடியவில்லை. அவர் தம்பி முன்பதிவு இல்லாத பெட்டியில் ஏறியிருக்கிறார். அந்தப் பெட்டியில் வந்தவர்களுக்குப் பட்டியலே கிடையாது. இதை எப்படிச் சொல்வது? "விசாரிச்சுட்டுக் கூப்பிடுறேன்ம்மா" என்று நம்பரை ஒரு துண்டுத் தாளில் எழுதிக்கொண்டேன். உதவி மையத்துக்குப் பெயரைக் கொடுத்தேன். பதில் இல்லை. திரும்ப அவரைக் கூப்பிடவும் எனக்குத் தைரியம் இல்லை. அந்தத் தாளைக் கீ-போர்டுக்கு அடியில் தள்ளிவிட்டேன்.

ஞாயிறு விடியற்காலை, மீண்டு வந்தவர்களில் நூற்றுக்கும் மேற்பட்டோரை ஏற்றிக்கொண்டு சிறப்பு ரயில் சென்ட்ரலுக்கு வந்தது. ஸ்டேஷனில் இருந்த எங்கள் போட்டோகிராபர் அனுப்பிய படங்களை ஒவ்வொன்றாக ஏற்றினேன். தலையில் கட்டு, கையில் கட்டு, வெறித்த பார்வை. முடித்துவிட்டு தண்ணீர் குடிக்க எழுந்தபோது போன் மினுங்கியது. பஃபலோ 13, கொலராடோ 4. ஆட்டம் முடிந்திருந்தது.

சத்தியமாக, எனக்கு முதலில் வந்தது சிரிப்பு. பெரிய சிரிப்பு. லக்ராஸில் பத்து, பன்னிரண்டு கோல் விழுவதெல்லாம் சாதாரணம். ஒரு ஃபைனலில் எதிரணியை நான்கே கோலில் நிறுத்துவது என்றால் மேட் வின்க்கும் தடுப்பாட்டக்காரர்களும் என்ன ஆட்டம் ஆடியிருக்க வேண்டும்! பதினைந்து வருடம், மூன்று ஃபைனல் தோல்வி, போன வருடம் அழவைத்த அதே அணி. அடுத்த நொடியே கூசிப்போனேன். எதிரே ஸ்கிரீனில் தலையில் கட்டுப்போட்ட ஒரு தாத்தாவின் படம். நான் யாரோ ஒரு ஊரின் விளையாட்டுக்காகச் சிரித்துக்கொண்டு நிற்கிறேன்.

வீட்டுக்குப் போனதும் அம்மாவிடம் சொன்னேன். "எனக்கே அசிங்கமா இருக்கும்மா." அம்மா இட்லித் தட்டை வைத்துக்கொண்டே, "சாவு வீட்டுல சாயங்காலம் யாராவது ஒருத்தர் ஏதாவது சொல்லுவாங்க, எல்லாரும் சிரிச்சுடுவாங்கடி. அதுக்காகச் செத்தவங்களை மறந்துட்டாங்கன்னு அர்த்தமா? சாப்பிட்டுத் தூங்கு" என்றார்.

தூக்கம் வரவில்லை. லக்ராஸ் பற்றி முன்பு படித்த ஒன்று ஞாபகம் வந்தது. இது வெள்ளைக்காரர்கள் கண்டுபிடித்த ஆட்டம் இல்லை. பஃபலோவையும் அதைச் சுற்றியுள்ள மண்ணையும் பூர்வீகமாகக் கொண்ட ஹோடனோஷோனி மக்களின் ஆட்டம். அவர்களில் ஒரு பிரிவினரான செனகா மக்களின் நிலத்தில்தான் அந்த நகரமே நிற்கிறது. 1930-களில் கனடாவில், கோடைக்காலத்தில் சும்மா கிடந்த ஹாக்கி அரங்கங்களுக்குள் கொண்டுபோய் ஆடியபோது இந்த 'உள்ளரங்க' வடிவம் வந்தது. ஆனால் அந்தப் பூர்வகுடி மக்கள் இன்றும் இதை 'மருந்து' என்றுதான் சொல்கிறார்கள். ஊரில் ஒருவர் நோயில் விழுந்தால், அவருக்காக ஆட்டம் வைப்பார்களாம். யார் ஜெயித்தார்கள் என்பது அங்கே முக்கியமில்லை. படுத்திருப்பவருக்காக ஊரே கூடி ஓடுகிறது என்பதுதான் முக்கியம்.

மாத்திரைப் பெயர் மாதிரி இருக்கிறது என்று எங்கள் ஆபீஸில் சிரித்தார்களே, ரொம்பத் தப்பில்லை.

திங்கள்கிழமை ஷிஃப்ட்டுக்குப் போனதும் கீ-போர்டைத் தூக்கினேன். துண்டுத் தாள் அப்படியே இருந்தது. அங்கே கோப்பை வென்றவர்களில் பலரும் அன்று வேலைக்குத் திரும்பியிருப்பார்கள். எனக்கும் ஒரு வேலை பாக்கி இருந்தது. பதில் என்னவாக இருந்தாலும் கேட்டுத்தான் ஆக வேண்டும். நம்பரை அழுத்தினேன். நான்கு ரிங் போனது.

"அம்மா, சனிக்கிழமை போன்ல பேசினீங்களே, நான்தான்..."

"நீயாம்மா? கட்டாக் ஆஸ்பத்திரியில இருக்கான்மா. கால்லதான் அடி. நேத்து ராத்திரி யாரோ போன் வாங்கிப் பேசினான். நீ கூப்பிடுவேன்னு பார்த்துட்டே இருந்தேன், சொல்லணும்னு."

அவர் அழுதார். நானும் அழுதேன். சீனியர் அண்ணன் திரும்பிப் பார்த்துவிட்டு, எதுவும் கேட்காமல் ஒரு டீ வாங்கிவந்து என் டேபிளில் வைத்தார்.

பேண்டிட்ஸ் 2024-லும் 2025-லும் மறுபடி கோப்பை வென்றது. தொடர்ந்து மூன்று. இப்போது அவர்கள் ஜெயிப்பது செய்தியே இல்லை. ஆனாலும் போனில் அந்த அலெர்ட்டை நான் எடுக்கவில்லை. டிசம்பர் வந்து சீசன் தொடங்கினால், வார இறுதியில் அது மினுங்கும். நான் ஒரு நிமிஷம் நிறுத்திப் பார்ப்பேன். பிறகு, யாரையாவது கூப்பிட வேண்டியிருந்தால் தள்ளிப்போடாமல் கூப்பிட்டுவிடுவேன்.