சிவப்புக்கு ஓர் இரவு

புனே நகரின் கட்கிப் பகுதியில் தமிழ்க் குடும்பங்கள் நெடுங்காலமாக வாழ்ந்து வருகின்றன. அங்கே ஒரு வீட்டின் சமையலறையில் மாதந்தோறும் ஏழெட்டுப் பிறந்தநாள் கேக்குகள் உருவாகின்றன. அவற்றைச் செய்பவர் ஒரு தாய்; உடன் நின்று கற்பவள் ஏழாம் வகுப்பில் படிக்கும் அவருடைய மகள்.

கேக்கின்மேல் போர்வைபோல விரிக்கப்படும் வழவழப்பான சர்க்கரை மாவுக்கு ஃபாண்டன்ட் என்று பெயர். பொடித்த சர்க்கரை, குளுக்கோஸ் பாகு, கிளிசரின், ஜெலட்டின் ஆகியவற்றைச் சேர்த்துப் பிசைந்தால் அது கிடைக்கும். ஜெலட்டின் விலங்குகளின் எலும்பு, தோல் ஆகியவற்றிலிருந்து எடுக்கப்படுவது. ஆதலால் சைவ உணவினர்க்கெனத் தாவரப் பிசின் சேர்த்த மாவையும் அத்தாய் வாங்கி வைத்திருப்பார். மாவின் இயல்பான நிறம் வெண்மை. அதைக் கிளியாகவோ தாமரையாகவோ ரயில்வண்டியாகவோ ஆக்குவதற்கு முன் நிறம் ஊட்ட வேண்டும்.

நீர்த்த வண்ணத்தை ஊற்றினால் சர்க்கரை கரைந்து, மாவு கையோடு ஒட்டிக்கொள்ளும். ஆகவே கூழ் போன்ற ஜெல் வண்ணமே ஏற்றது. பல்குச்சியின் முனையால் அதைத் தொட்டு மாவில் ஒரு கோடு இழுக்க வேண்டும். பின்பு மாவை இழுத்து மடித்து, மடித்து இழுத்துப் பிசைய வேண்டும். வரிவரியாகத் தெரியும் நிறம் மெல்லப் பரவி ஒன்றாகும். குறைந்தால் மேலும் சேர்க்கலாம். மிகுந்தால் எடுக்க இயலாது. ஒரு கேக்குக்கு வேண்டிய நிறம் முழுவதையும் ஒரே முறையில் கலந்துவிடுவதும் நல்லது. மறுநாள் கலக்கும் பச்சை, முதல்நாள் பச்சையோடு பொருந்துவது அரிது.

“அம்மா, லைட் கிரீன் வேண்டும்” என்று மகள் கேட்டால் தாய் உடனே தருவதில்லை. “கிளிப்பச்சையா, இலைப்பச்சையா, பாசிப்பச்சையா? பெயரைச் சொல், கண்ணு” என்பார். கிளிப்பச்சைக்கு மஞ்சள் மிகுதி, நீலம் ஒரு புள்ளி. இலைப்பச்சைக்கு நீலம் சற்றே கூடும். பாசிப்பச்சைக்கு அதனோடு சிறிது பழுப்பும் சேரும். வெளியில் மராத்தியும் இந்தியும் பேசும் அச்சிறுமி, நிறங்களின் தமிழ்ப் பெயர்களைக் கற்றது பெரும்பாலும் இந்த மேசையருகேதான்.

நிறங்களுள் சிவப்பே பிடிவாதமானது. வெள்ளை மாவில் அதைச் சேர்த்தால் முதலில் இளஞ்சிவப்புதான் வரும். அவசரப்பட்டு அள்ளிச் சேர்த்தால் மாவு இளகும், நாவில் கசக்கும். அளவாகச் சேர்த்துப் பிசைந்து, காற்றுப் புகாமல் பொதிந்து ஓர் இரவு வைத்தால் நிறம் தானே ஆழமாகும். கறுப்புக்கும் இதே முறைதான். முதலில் கோகோ தூளால் பழுப்பாக்கிக்கொண்டால் கறுப்பு வண்ணம் குறைவாகச் செலவாகும்.

ஒரு மழைக்கால நண்பகலில் வாடிக்கையாளர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். தம் குழந்தையின் முதல் பிறந்தநாளுக்கு மஞ்சள் கார் வடிவில் கேக் சொல்லியிருந்தவர் அவர். இப்போது கார் சிவப்பாக வேண்டும் என்றார். விழா அன்று மாலை ஆறு மணிக்கு! ஓராண்டு நிறைந்த குழந்தைக்கு மஞ்சளும் ஒன்றே, சிவப்பும் ஒன்றே, வேறுபாடெல்லாம் பெற்றோர்க்குத்தான். முன்பே நிறமூட்டிய சிவப்பு மாவும் அன்று கடையில் தீர்ந்துவிட்டிருந்தது.

“அக்கா, சந்தையில் வண்ணத்தூள் கிடைக்கிறதே! ஒரு சிட்டிகை போட்டால் குங்குமம்போலச் சிவந்துவிடும்” என்றார் அண்டை வீட்டுப் பெண்.

“அதை நாக்கில் வைக்கப்போவது ஒரு வயதுக் குழந்தையம்மா” என்றார் தாய்.

நம் நாட்டில் உணவில் சேர்க்க 8 செயற்கை நிறங்களுக்கே அனுமதி உண்டு. அவற்றுக்கும் அளவு உண்டு. பெயரற்ற பொட்டலத்தில் இருக்கும் தூள் எது என்பதை விற்பவரும் அறியார். துணிக்குச் சாயமேற்றும் ரோடமின் பி என்னும் பொருள் பஞ்சுமிட்டாயில் கலந்திருப்பது ஆய்வில் தெரியவந்ததால், 2024 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு அதன் விற்பனைக்குத் தடை விதித்தது. அச்செய்தியை நாளிதழிலிருந்து கத்தரித்து, வண்ணப் புட்டிகள் வைக்கும் அலமாரியின் கதவில் அத்தாய் ஒட்டியிருக்கிறார்.

“மாலைக்குள் இளஞ்சிவப்பு வரும், சிவப்பு நாளைக் காலையில்தான் வரும். மஞ்சள் ஆயத்தமாக இருக்கிறது” என்று அவர் வாடிக்கையாளரிடம் தெரிவித்தார். கேக் வேண்டாம் என்று பதில் வந்தது.

முட்டை, வெண்ணெய், சர்க்கரை ஆகியவற்றுக்குச் செலவான தொகையைக் கணக்கேட்டில் ‘நட்டம்’ என்று மகள் எழுதினாள். அன்று மாலை அக்குடியிருப்பின் பிள்ளைகள் மஞ்சள் காரைப் பங்கிட்டு உண்டனர். கறுப்புச் சக்கரங்கள் நான்கும் யாருக்கு என்பதில் மட்டும் சிறிது சண்டை நடந்தது.