காலி பேரல்

சென்ற வாரம் பக்கத்து வீட்டில், பழைய டீசல் பேரல் ஒன்றை வெட்டிச் செடித்தொட்டி செய்ய கேஸ் கட்டிங் ஆளை வரவழைத்திருந்தார்கள். நான் ஓடிப்போய்த் தடுத்தேன். "காலி பேரல்தானே சார், இதுக்குப் போய் இப்படிப் பதறுறீங்களே" என்றார் வீட்டுக்காரர். அந்தப் பதற்றத்துக்கு வயது நாற்பதுக்கு மேல்.

1979-இல் புதுச்சேரியில் ஓர் அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தேன். பன்னிரண்டு மண்ணெண்ணெய் பேரல்களை ஏலம் விட்டோம். ஒவ்வொன்றையும் கவிழ்த்துப் பார்த்து, பதிவேட்டில் "காலி - 12" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவன் நான். எடுத்தவர் ஒரு பட்டறைக்காரர். "உள்ளே ஒண்ணும் இல்லையே சார்?" என்று கேட்டார். "சொட்டு எண்ணெய் கிடையாதுப்பா" என்றேன். மூன்றாம் நாள் மூடியை வெட்டும்போது ஒரு பேரல் வெடித்தது. அவர் பிழைக்கவில்லை. யாரும் என்னைக் குறை சொல்லவில்லை. பதிவேடு சரியாகத்தான் இருந்தது.

நான் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன். பிரெஞ்சில் 'வீத்' என்றால் காலி. வெற்றிடத்துக்கும் அதே சொல்தான். ஆனால் காலி பேரல் வெற்றிடம் அல்ல. அதில் காற்று இருக்கிறது. சுவரில் ஒட்டிய எண்ணெய் சூடுபட்டால் ஆவியாகி அந்தக் காற்றோடு கலக்கும். நிறைந்த பேரலில் ஆவிக்கும் காற்றுக்கும் இடமில்லை. காலி பேரலில் இரண்டும் அளவாகச் சேர்ந்துவிடும். பிறகு ஒரு பொறி போதும்.

இது எனக்கு முழுசாகப் புரிந்தது 1996-இல். ஜூலை 17 அன்று நியூயார்க்கிலிருந்து பாரிசுக்குப் புறப்பட்ட டி.டபிள்யூ.ஏ. 800 விமானம், பன்னிரண்டு நிமிடத்தில் வெடித்து அட்லாண்டிக் கடலில் விழுந்தது. இருந்த 230 பேரும் இறந்தார்கள். வெடிகுண்டு என்றார்கள், ஏவுகணை என்றார்கள். நான்கு வருடம் ஆராய்ந்த பிறகு முடிவு வந்தது: வெடித்தது ஏறக்குறைய காலியாக இருந்த நடுத் தொட்டி. அதன் அடியில் ஏசி இயந்திரங்கள். தரையில் நின்றபோது இரண்டு மணி நேரத்துக்கு மேல் அவை ஓடியதில், அடியில் மிஞ்சியிருந்த எரிபொருள் சூடாகி ஆவியாகியிருந்தது. பொறி எங்கிருந்து வந்தது என்று உறுதியாகத் தெரியவில்லை. ஒயரில் ஏற்பட்ட மின்கசிவு அளவுமானி ஒயர் வழியாக உள்ளே போயிருக்கலாம் என்றார்கள். விமான எரிபொருளும் மண்ணெண்ணெய் ஜாதிதான் என்று படித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அதுவரை விமானம் கட்டுபவர்கள் பொறி வராமல் பார்த்துக்கொண்டால் போதும் என்று நினைத்திருந்தார்கள். பிறகுதான் அந்த ஆவியையே எரியவிடாமல் செய்ய வேண்டும் என்று புரிந்தது. 2008-இல் அமெரிக்காவில் விதி வந்தது. இப்போது காற்றிலிருந்து நைட்ரஜனைப் பிரித்துத் தொட்டிக்குள் செலுத்துகிறார்கள். ஆக்சிஜன் சுமார் 12 சதவீதத்துக்குக் கீழே போனால் ஆவி எரியாது.

பட்டறைக்காரருக்கு நைட்ரஜன் தேவைப்பட்டிருக்காது. பேரலை நன்றாகக் கழுவி, வெட்டும் இடம்வரை தண்ணீர் நிரப்பியிருந்தால் ஆவி சேர இடம் இருந்திருக்காது. அதைச் சொல்ல அன்று எனக்குத் தெரியவில்லை.

பக்கத்து வீட்டுக்காரருக்கு ஒரு சிமெண்ட் தொட்டி வாங்கிக் கொடுத்தேன். "எதுக்கு சார் வீண் செலவு?" என்று சிரித்தார். பேரல் இன்னும் அவர் கொல்லையில் கிடக்கிறது. அதன்மேல் சாக்பீஸால் எழுதியிருக்கிறேன்: "காலி இல்லை."