தங்கையின் பயணம்

நமது தங்கை செவிலி. 1970-இல் ஐக்கிய நாடுகள் சபை தோற்றுவித்த தொண்டர் அமைப்புக்கு அவள் விண்ணப்பித்தபோது நாம் பொருட்படுத்தவில்லை. ஆப்பிரிக்கா செல்லத் தேர்வாகிவிட்டாள் என்றதும் துணுக்குற்றோம். திருமணம் தள்ளிப்போகுமே என்று தடுத்தோம்.

"அப்பா ரயில்வே வேலைக்காகக் கும்பகோணத்தை விட்டுக் கரக்பூர் வந்தபோது பாட்டியும் இப்படித்தானே தடுத்திருப்பாள், அண்ணா?" என்றாள். நமக்கு மறுமொழி தோன்றவில்லை.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைப் பயணத்துக்குப் பத்து நாள் முன்னரே போட்டுக்கொள்ள வேண்டும். கொல்கத்தாவுக்கு நாமே அழைத்துச் சென்றோம். 2016 முதல் அச்சான்று ஆயுள் முழுவதும் செல்லும்.

வீடு திரும்பியபோது அன்னை பருப்புப்பொடிக்கு மிளகாய் வறுத்துக்கொண்டிருந்தாள். நெடியால் கண் கலங்கியதாகச் சொன்னாள். நாமும் அவ்வாறே சொன்னோம்.

அன்பர்களே! பிழைக்க வந்த குடும்பத்திலிருந்து ஒருத்தி பிறரைப் பிழைக்கவைக்கப் புறப்படுகிறாள். வாழ்த்தியனுப்புவதே முறை.