மதுரையில் மைனஸ் 40 டிகிரி

மக்களே, தலைப்பைப் பார்த்து வானிலை அறிக்கை என்று நினைத்து வந்தவர்கள் மன்னிக்கவும். இது எங்கள் வீட்டுக் கார் கதை.

அப்பா ஜவுளி வியாபாரத்துக்கு ஊர் ஊராக லைன் போகிறவர். 2015 மாடல் செகண்ட் ஹேண்ட் பெட்ரோல் கார்தான் அவருக்குக் கால் மாதிரி. போன மாதம் ஒருநாள் டேஷ்போர்டில் எஞ்சின் படம் போட்ட மஞ்சள் லைட் எரிந்தது, அணையவே இல்லை. ஒரு ஒர்க்‌ஷாப்பில் காட்டினார். பானெட்டைத் திறந்து மூடிவிட்டு, "கம்ப்யூட்டர் போர்டு போயிருக்கும் சார், பன்னிரண்டாயிரம் ஆகும்" என்றார்களாம். அந்த அளவுக்கு வீட்டில் இருந்த ஒரே பணம் என் செமஸ்டர் ஃபீஸ்தான்.

"காரு ஓடினாத்தாண்டா ஃபீஸே. காலேஜ்ல ஒரு மாசம் டைம் கேளு" என்றார் அப்பா.

பி.காம் படிக்கிறவனுக்கு எஞ்சினைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் வவுச்சர் இல்லாமல் செலவு எழுதக்கூடாது என்று தெரியும். ஆன்லைனில் 700 ரூபாய்க்கு ஒரு புளூடூத் ஸ்கேனர் வாங்கினேன். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிசு. 'இஎல்எம் 327' என்று போட்டிருக்கும். அது கனடாவின் எல்ம் எலெக்ட்ரானிக்ஸ் உருவாக்கிய சிப்பின் பெயர். இந்த விலைக்குக் கிடைப்பவை பெரும்பாலும் அதன் நகல்கள்தான். கோட் படிக்க அதுவே போதும்.

இதைச் சொருகும் 16 பின் சாக்கெட்டுக்குப் பெயர் ஓபிடி-2. அமெரிக்காவில் 1996 மாடல் கார்களிலிருந்து கட்டாயம், நம் நாட்டில் 2013-லிருந்து. எங்கள் காரில் ஸ்டியரிங்குக்குக் கீழே, முழங்கால் இடிக்கும் இடத்தில் ஒளிந்திருந்தது. டார்ச் அடித்துக் கண்டுபிடிக்கவே பத்து நிமிஷம்.

செய்முறை இவ்வளவுதான். ஸ்கேனரைச் சொருகி இக்னிஷனை ஆன் செய்யுங்கள். போனில் புளூடூத்தைத் திறந்து ஸ்கேனரைப் பேர் செய்யுங்கள். கடவு எண் 1234 அல்லது 0000. பேர் ஆனதும் வேலை முடிந்தது என்று நினைத்து அரைமணி நேரம் முழித்தேன். ஆப்புக்குள்ளேயும் போய் 'புளூடூத்' என்பதையும் அந்த ஸ்கேனரின் பெயரையும் தேர்ந்தெடுக்க வேண்டுமாம். ஐபோன் வைத்திருக்கும் கனவான்களுக்கு இந்தப் பழைய புளூடூத் ரகம் ஒத்துவராது. வைஃபை ரகமோ, ஐபோனுக்கும் ஆகும் என்று போட்டிருக்கும் புளூடூத் எல்இ ரகமோ பார்த்து வாங்கவும்.

கனெக்ட் ஆனதும் திரையில் ஒரு கோட் வந்தது. பக்கத்திலேயே 'க்ளியர்' பட்டன். படிக்காமலே அமுக்கினேன். லைட் அணைந்தது! அப்பா முன்னால் ஹீரோ மாதிரி நின்றேன். மறுநாள் திருமங்கலம் தாண்டுவதற்குள் லைட் மறுபடி எரிந்துவிட்டது.

கணக்கில் இதற்கு ஒரு பெயர் உண்டு. இருப்பாய்வு பொருந்தாவிட்டால் வித்தியாசத்தை அனாமத்துக் கணக்கில் தள்ளி இரண்டு பக்கமும் சரிக்கட்டுவோமே, அதைத்தான் செய்திருக்கிறேன். பிழை அப்படியே இருக்கிறது.

இரண்டாவது முறை நிதானமாகப் படித்தேன். பி0113. எஞ்சினுக்குள் போகும் காற்றின் வெப்பத்தை அளக்கும் சென்சாரின் சர்க்யூட்டில் வோல்டேஜ் அதிகம் என்று அர்த்தம். உடனே புது சென்சார் ஆர்டர் போடப் போனேன். நல்லவேளை, ஆப்பில் 'லைவ் டேட்டா' என்று ஒன்று இருந்தது. காற்றின் வெப்பம்: மைனஸ் 40 டிகிரி. சித்திரை மாத மதுரையில்!

தேடிப் படித்ததில் விஷயம் புரிந்தது. அந்த சென்சாரில் குளிர் கூடக்கூட மின்தடை கூடும. ஒயர் கழன்றுவிட்டால் தடை எல்லையில்லாமல் போய்விடும். காரின் கம்ப்யூட்டர் அதைக் கடுங்குளிர் என்று எடுத்துக்கொள்ளும். ஆக, போர்டு கெடவில்லை. எங்கேயோ தொடர்பு அறுந்திருக்கிறது.

பானெட்டைத் திறந்தேன். ஏர் ஃபில்டர் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன பிளக் தனியாகத் தொங்கிக்கொண்டிருந்தது. பார்த்ததும் வயிற்றைப் பிசைந்தது. லைட் எரிவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, காசு மிச்சம் பிடிக்கிறேன் என்று வீடியோ பார்த்து ஏர் ஃபில்டரைக் கழற்றித் துடைத்தது நான்தான். மூடியைத் தூக்க அந்த பிளக்கைக் கழற்றியதும் நான்தான். திரும்ப மாட்டினேனா என்று ஸ்கேனருக்குத் தெரியாது. எந்தக் கணக்கில் உதைக்கிறது என்பது வரைதான் அது சொல்லும். பதிவை விட்டவன் யார் என்பது விட்டவனுக்குத்தான் தெரியும்.

'டிக்' என்று மாட்டினேன். திரையில் 41 டிகிரி. கோடை அழித்தேன், பிறகு லைட் வரவில்லை.

அப்பாவிடம் "ஏதோ லூஸ் கனெக்‌ஷன்" என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். ராத்திரி சாப்பிடும்போது உள்ளதைச் சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. ரசம் ஊற்றிக்கொண்டே, "அடுத்த தடவை ஃபில்டர் துடைக்கும்போது என்னையும் கூப்பிடு" என்றார். மறுநாள் காலை ஃபீஸ் பணம் என் மேஜைமேல் இருந்தது.

கடைசியாக ஒன்று. வேலை முடிந்ததும் ஸ்கேனரைக் கழற்றிவிடுங்கள். அந்த சாக்கெட்டில் ஒரு பின்னுக்கு எப்போதும் பேட்டரி கரண்ட் வரும். நாள்கணக்கில் விட்டால் பேட்டரி இறங்கும். அப்புறம் கார் ஸ்டார்ட் ஆகாததற்கும் நீங்கள்தான் அப்பாவிடம் பதில் சொல்ல வேண்டும்.