சொந்தக்காரர் வர்றார்!

ஸ்போர்ட்ஸ் கார் வெச்சிருக்கிறவங்க ரோட்டுல அதே காரைப் பார்த்தா ஹெட்லைட் அடிச்சுக்குவாங்களாம். காரியாபட்டிக்காரனான எனக்கு அந்த கௌரவத்தைத் தந்தது யமஹா ஆர்.எக்ஸ். 100. வெறும் 98 சி.சி.! 1985-ல வந்தது, 1996-ல தயாரிப்பை நிறுத்திட்டாங்க.

மதுரை - தூத்துக்குடி ரோட்டுல எதிரே இன்னொண்ணு வந்தா, கண்ணுக்கு முன்னால காதுக்குத் தெரிஞ்சிடும். டூ ஸ்ட்ரோக் சத்தம் அப்படி! ரெண்டு பேரும் தலையாட்டிக்குவோம். (கல்யாண வீட்டுச் சொந்தம்கூட இப்படிச் சிரிக்காது சார்!)

ஒருநாள் ஆவியூர் பக்கம் பிளக் கறுத்து நின்னுட்டேன். புது பைக்கெல்லாம் சர்சர்னு போச்சு. ஒரே ஒரு ஆர்.எக்ஸ். நின்னது. ஸ்பேர் பிளக்கை மாட்டிவிட்டவர், காசு வாங்கலை.

"வண்டியைக் கொடுக்கிறதா இருந்தா எனக்குச் சொல்லுங்கண்ணே. பழைய இரும்புக்குப் போட்றாதீங்க" என்று போன் நம்பர் எழுதிக் கொடுத்தார்.

'வித்துத் தொலைங்க' என்று வீட்டில் தினமும் அர்ச்சனை. அந்தச் சீட்டு மட்டும் மனைவி கண்ணில் படாத இடத்தில் இருக்கிறது.