காரியவட்டத்தில் ஓர் இறுதியாட்டம்



அலுவல் நிமித்தமாக அயலூருக்குத் தனியே செல்லுகிறவர்களுக்குப் பகற்பொழுது பாரமாயிருப்பதில்லை. வேலை அதை நிரப்பிவிடும். மாலையில் விடுதி அறைக்குத் திரும்பிக் கதவைச் சாத்தும்போதுதான் தனிமை நம்மோடுகூட உட்காருகிறது. மனம் தகாத வழிகளை நாடுவதும் பெரும்பாலும் அவ்வேளையிலேதான். ஆகையால், திருவனந்தபுரத்தில் நான் தனியாளாய் அமர்ந்து பார்த்த ஒரு கால்பந்து இறுதியாட்டத்தைக் குறித்து உங்களுக்கு எழுதுகிறேன்.

தம்பானூரிலிருந்து ஸ்ரீகாரியம் வழியாகக் கழக்கூட்டம் செல்லும் பேருந்தில் ஏறினால், இடையில் வருவது காரியவட்டம். அங்கே கேரளப் பல்கலைக்கழகத்தின் நிலத்தில், 2015-ஆம் ஆண்டு தேசிய விளையாட்டுப் போட்டிகளுக்காகக் கட்டப்பட்ட கிரீன்ஃபீல்டு அரங்கம் இருக்கிறது. ஏறத்தாழ 50,000 பேர் அமரக்கூடியது. சற்றுத் தொலைவில் டெக்னோபார்க். நம் தமிழ்ப் பிள்ளைகள் அநேகர் அங்கே பணிபுரிகிறார்கள். 2017 நவம்பரில் இந்தியாவும் நியூசிலாந்தும் ஆடிய இருபது ஓவர் ஆட்டத்திற்குப் பின்பு, பலர் இதைக் கிரிக்கெட் மைதானமாகவே அறிவார்கள். ஆனால் அதற்கு முன்னரே, தெற்காசியக் கால்பந்து வாகையர் போட்டி இங்கேதான் நடந்தது.

இறுதியாட்டம் 2016 ஜனவரி 3, ஞாயிற்றுக்கிழமை மாலை. காலை ஆராதனையில் என் பணி முடிந்திருந்தது. அரங்கில் எனக்கு அறிமுகமானவர் ஒருவரும் இல்லை. பக்கத்து இருக்கைக்காரர் என்னைப் பார்த்து, "ஒற்றய்க்காணோ?" என்று கேட்டார். தனியாகவா வந்தீர்கள் என்று அர்த்தம். ஆம் என்றேன். தம் கையிலிருந்த கடலைப் பொட்டலத்தை என் பக்கமாக நீட்டினார். அதன்பின் நான் தனியாளாய் இருக்கவில்லை.

எதிர் அணி ஆப்கானிஸ்தான். 2013-இல் காத்மாண்டுவில் இந்தியாவை 2-0 என வென்று கோப்பையைக் கொண்டுபோனவர்கள் அவர்களே. முற்பாதியில் கோல் விழவில்லை. 70-ஆம் நிமிடத்தில் சுபைர் அமீரி அடித்த கோலால் ஆப்கானிஸ்தான் முந்தியது. அரங்கம் அமைதியாயிற்று. இரண்டே நிமிடத்தில் மிசோரம் வாலிபர் ஜேஜே லால்பெக்லுவா சமன் செய்தார். கூடுதல் நேரத்தில், 101-ஆம் நிமிடத்தில், சுனில் சேத்ரி வெற்றிக் கோலை அடித்தார். 2-1. இந்தியாவுக்கு இது ஏழாவது பட்டம்.

எல்லாரும் ஆர்ப்பரித்தபோது என் கண்கள் தோற்றவர்களையே நோக்கின. அந்த அணியில் பலர் போரின் நிமித்தம் தாய்நாட்டை விட்டுப்போன குடும்பங்களின் பிள்ளைகள். சுபைர் அமீரியே ஜெர்மனியில் ஆடிவந்தவர். 2018 உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில், சொந்த மண்ணில் ஆடவேண்டிய ஆட்டங்களை அவர்கள் ஈரானில் ஆடவேண்டியதாயிற்று. காபூலில் தங்கள் ஜனங்களுக்கு முன்பாக ஆட வகையில்லை. நமக்கு அது ஒரு மாலைப்பொழுதின் தனிமை. அவர்களுக்கோ ஒவ்வொரு ஆட்டமும் அயலூர் ஆட்டம். தெற்காசியப் போட்டியில் அவர்கள் ஆடிய கடைசி ஆட்டமும் அதுவே. அவர்கள் மத்திய ஆசிய நாடுகளின் சங்கத்தோடு சேர்ந்துகொண்டவர்கள்.

பிரியமானவர்களே, பிழைப்புக்காகச் சொந்த ஊரை விட்டு வந்த நமக்கு அவர்களுடைய நிலை விளங்காததல்ல. நீங்கள் திருவனந்தபுரத்தில் தங்க நேரிட்டால், மாலையில் அறைக்குள் அடைந்து கிடவாதிருங்கள். பாளையம் பக்கத்துச் சந்திரசேகரன் நாயர் அரங்கில் ஆட்டம் உண்டா என்று விசாரியுங்கள். 2024-இல் சூப்பர் லீக் கேரளா தொடங்கியபோது, திருவனந்தபுரம் கொம்பன்ஸ் அணி அங்கேதான் ஆடியது. மலையாளம் தெரியாவிட்டாலும் பாதகமில்லை. கோல் விழும்போது எழுகிற சத்தத்துக்கு மொழிபெயர்ப்பு வேண்டியதில்லை.

இன்னொன்றையும் சொல்ல விரும்புகிறேன். நீங்கள் குடியிருக்கும் பட்டணத்துக்கும் யாரோ ஒருவர் வேலை நிமித்தம் தனியாக வந்திருக்கிறார். தேநீர்க் கடையிலோ, ரயில் பெட்டியிலோ, ஆலயத்தின் கடைசி வரிசையிலோ அவர் உங்கள் பக்கத்தில் அமரக்கூடும். "தனியாகவா வந்தீர்கள்?" என்று நீங்களே முந்திக் கேளுங்கள். கையில் இருப்பது ஒரு கடலைப் பொட்டலமானாலும் அதை அவர் பக்கமாக நீட்டுங்கள்.